அந்த வெள்ளை வட்டம்

இல்ல தம்பி, நிலாவெல்லாம் இல்ல அது. நிலான்னா ராத்திரி வேணுமே, இந்தப் பொண்ணு முகத்துல எவ்வளவு வெளிச்சம் விழுது பாருங்க. ஏதோ வெள்ளையா வட்டமா ஒரு சாமான், தூரத்துல இருந்திருக்கு, கரைஞ்சு போச்சு. தெரு விளக்கா இருக்கலாம். ஸ்டேஷன் பிளாட்பாரத்துல பெருசா தொங்குமே, அந்த மாதிரி ஒண்ணா இருக்கலாம். என்னது, ஸ்டேஷன் பூரா சுத்திப் பாத்துட்டுத்தான் வரீங்களா? அடப் பாவமே. முதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதோ வாசலைப் பாத்து இருக்கே, இதுல உக்காருங்க. இது நல்ல சேர்.

போனை இப்படிக் குடுங்க, இன்னொரு தடவை பாக்கறேன். ம். மூலையில எங்க ஸ்டுடியோ பேர் இருக்கு, நான் இல்லன்னா சொல்றேன்? நான் எடுத்ததுதான். எங்க எடுத்தேன்னு கேட்டா சட்டுன்னு சொல்ல வரல. நானும் எங்கெங்கயோ போறேன், ஆபீஸ்ங்கறாங்க, ஸ்கூல்ங்கறாங்க, பொறந்த நாள்ங்கறாங்க, தோள்ல பையை மாட்டிட்டு ஓடறதுதான் பொழப்பு. கம்ப்யூட்டர்ல ஒரிஜினல் இருக்கும், அதுல இடம் போட்டு வச்சிருப்பேன். தேடித் தரேன். கூடப் பொறந்த தங்கச்சி, எங்க போனான்னே தெரியல, அம்மா வேற படுத்த படுக்கையா இவ பேரையே சொல்லிட்டு கிடக்கறாங்கன்னு சொல்றீங்க. இதைக் கூடச் செய்யலன்னா நான் என்ன மனுஷி.

ஏம்மா, ரெண்டு டீ போடு, அப்படியே அந்தப் பெரிய லென்ஸை எடுத்து வச்சிடு. ஐயோ, யாரைக் கூப்பிடறேன் பாருங்க. உள்ள யாரும் இல்ல தம்பி. உதவிக்கு ஒரு பொண்ணு இருந்தா, நின்னுட்டா. அவ நின்னும் என் வாய் நிக்க மாட்டேங்குது, பழக்கதோஷம். டீ நானே போடறேன், கொஞ்சம் பொறுங்க, இந்தக் கம்ப்யூட்டர் எந்திரிக்கட்டும். பழைய பொட்டி, அதை எழுப்பறதுக்குள்ள நமக்குத் தூக்கம் வந்துடும்.

என்ன சத்தமா? பின் கதவு. காத்துக்கு அடிச்சுக்கும். தாழ்ப்பாள் சரியில்ல, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்க எந்திரிக்காதீங்க, உள்ள நடக்க வழியே இல்ல. ஸ்டாண்டும் துணியும் ஒயரும் குவிஞ்சு கிடக்கு, தெரியாம கால் வச்சா விழுந்து வாரிடுவீங்க. நான் போய்ச் சாத்திட்டு வரேன்.

சாத்தியாச்சு. இல்ல, நான் உக்கார மாட்டேன், நீங்க இருங்க. எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். இந்தத் துணி எங்க போச்சு, இப்பத்தானே கையில வச்சிருந்தேன். தோள்லயே கிடக்கு பாருங்க. லென்ஸைத் துடைச்சுட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க.

யாரும் அழிக்கல தம்பி அதை. வேணும்னே இடத்தை மறைச்சாங்களான்னு கேக்கறீங்க, உங்க கவலை உங்களுக்கு. ஆனா லென்ஸே அப்படித்தான் எடுக்கும். இதோ, இதுக்குள்ள பாருங்க, கருப்பா இதழ் இதழா தெரியுதா, நடுவுல ஒரு ஓட்டை. இதைத்தான் அபெர்ச்சர்ங்கறது. இந்த ஓட்டையைப் பெருசா திறந்துட்டா, நான் எங்க குறி வைக்கறேனோ அந்த ஒரு இடம்தான் தெளிவா விழும். அதுக்கு முன்னாடி இருக்கறதும் போச்சு, பின்னாடி இருக்கறதும் போச்சு. ஓட்டையைச் சுருக்கிட்டே வந்தீங்கன்னா, கிட்டத்துல இருக்கற ஆளும் தெளிவு, கடைசிச் சுவரும் தெளிவு. ஆனா வெளிச்சம் நிறைய கேக்கும். விஷயம் இவ்வளவுதான், இதைச் சொல்லிக் குடுக்கறேன்னு கிளாஸ் நடத்தி ஊரை ஏமாத்திட்டு இருக்காங்க.

உங்க தங்கச்சி படத்துல நான் முழுசா திறந்திருக்கேன். கண்ணு எவ்வளவு தெளிவு, இமை முடி கூட தனித்தனியா இருக்கு. காதைப் பாருங்க, காதுக்கு வரதுக்குள்ளயே மங்க ஆரம்பிச்சிடுச்சு. தோடு கல்லா முத்தான்னு கேட்டா எடுத்த எனக்கே சொல்லத் தெரியாது. காதுக்கே இந்தக் கதின்னா பின்னாடி இருக்கறது என்ன ஆகும். அந்தப் பச்சையா? அது என்ன வேணா இருக்கலாம் தம்பி. செடியா இருக்கலாம், கதவா இருக்கலாம், பச்சைக் கலர் பஸ் ஒண்ணு நின்னிருக்கலாம். நான் ஒண்ணைச் சொல்லி, நீங்க அதை நம்பி, இன்னொரு நாள் பூரா பஸ் ஸ்டாண்டுல அலையணுமா?

தேடுது, தேடுது. பாருங்க, இந்தச் சக்கரம் சுத்திட்டே இருக்குல்ல, அப்படின்னா தேடுதுன்னு அர்த்தம். அதை அவசரப்படுத்தினா அப்படியே படுத்துக்கும், அப்புறம் நாளைக்குத்தான்.

இப்ப எல்லாருக்கும் இந்தப் பைத்தியம்தான் தம்பி. பின்னாடி ப்ளர் பண்ணுங்க, ப்ளர் பண்ணுங்க. எதிர்ல செருப்புக் கடை இருக்குல்ல, அந்த அண்ணன் ஒரு தடவை புது மாடல் வந்திருக்கு, ஸ்டைலா எடுத்துக் குடும்மான்னாரு. நானும் முழுசா திறந்து எடுத்துக் குடுத்தேன். முன் நுனி அப்படியே பளிச்சுன்னு இருக்கு, பின்னாடி குதிகாலைக் காணோம். பேனர் அடிச்சுத் தொங்க விட்டுட்டாரு. வரவங்க எல்லாம், ஏங்க இதுக்குக் குதிகால் உண்டா இல்லையான்னு கேக்கறாங்களாம். அன்னைலேர்ந்து நான் அவரைக் குதிகால் அண்ணன்னுதான் கூப்பிடறது. ரொம்ப நாள் என்கூடப் பேசல. இப்பப் பேசறாரு.

ஆமா, அவர்தான், வெளிய நிக்கறாரே, அவரேதான். எப்பவும் அப்படித்தான் நிப்பாரு, யாவாரம் இல்லன்னா இந்தப் பக்கம் பாத்து நிப்பாரு. கூட நிக்கறது அவர் கடைப் பசங்க. நீங்க அவரைப் பாக்காதீங்க, பாத்தீங்கன்னா உள்ள வந்துடுவாரு, வந்தா விட மாட்டாரு.

இன்னொரு கதை கேளுங்க. ஒரு புருஷன் பொண்டாட்டி, வயசானவங்க. அந்தம்மா முன்னாடி உக்காந்திருக்காங்க, அவர் ஒரு அடி பின்னாடி தள்ளி நிக்கறாரு. ரெண்டு பேர் இருந்தா ரெண்டு முகமும் லென்ஸுக்கு ஒரே தூரத்துல இருக்கணும், இல்ல ஓட்டையைச் சுருக்கணும். அதுதான் பாலபாடம். நான் பேச்சு சுவாரசியத்துல அம்மா கண்ணுல குறி வச்சு அப்படியே தட்டிட்டேன். பிரிண்ட் வாங்க வந்தவரு படத்தைக் கையில வச்சுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. ஏம்மா, நான் போய்ச் சேந்துட்டேனான்னாரு. அந்தம்மா ஒரே சிரிப்பு. எனக்குத்தான் தூக்குப் போட்டுக்கலாம் போல ஆயிடுச்சு. திரும்ப எடுத்துக் குடுத்தேன்.

அதனால சொல்றேன், திறக்கறது பெரிய வித்தை இல்ல. எதை விடப் போறோம், எதை வச்சுக்கப் போறோம்னு தெரிஞ்சு திறக்கணும். ஒரு தையக்காரரை எடுக்கறோம்னா அவர் மிஷின் தெரியணும், மிஷினைக் கரைச்சுட்டா அவர் வெறும் ஆளு. ஒரு குழந்தை குப்பைத் தொட்டி பக்கத்துல நின்னு சிரிக்குதுன்னா தொட்டியைக் கரைச்சுடலாம், யாருக்கும் நஷ்டம் இல்ல. நான் இதையெல்லாம் அடிபட்டு அடிபட்டுக் கத்துக்கிட்டேன். இன்னும் முழுசா கத்துக்கலன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது.

அது ஒண்ணும் இல்ல. வேற விஷயம்.

டீ. மறந்தே போயிட்டேன் பாருங்க. வேணாமா? தண்ணியாவது குடிங்க. இந்த டம்ளர் இல்ல, அது பிரஷ் கழுவறது. சரி, வேணாம்னா விடுங்க. 

சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு உதவி பண்ணுங்க. சாயங்காலம் ஒரு வேலை இருக்கு, லைட்டு ரெண்டும் சரியா எரியுதான்னு பாக்கணும். பாக்க ஒரு முகம் வேணும். படம் இல்ல தம்பி, வெறும் வெளிச்சம் பாக்கறது. அப்படியே இருங்க. இந்த ஒண்ணை உங்க பக்கம் வைக்கறேன். இன்னொண்ணைக் கொண்டு போய்ப் பின்னாடி வைக்கறேன். பின்னாடி எதுக்கா? சுவர் பக்கம் இருட்டா கிடக்கு, அங்க விழற வெளிச்சம் எவ்வளவுன்னு பாக்கணும். திரும்பாதீங்க, திரும்பினா கண்ணுல நேரா அடிக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது. என்னைப் பாருங்க. நான் வாசப் பக்கம் வந்துட்டேன், இங்க பாருங்க. முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க, சாதாரணமா இருங்க. அவ்வளவுதான். இன்னொரு தடவை. கண்ணைச் சிமிட்டிட்டீங்க. ஆச்சு.

டக் டக்குன்னா? கடிகாரம் தம்பி. பழசு, சத்தம் போட்டுட்டேதான் ஓடும். மணி வேணும்னா நான் சொல்றேன், மூணரை ஆகப் போகுது. ரோட்டுல பிள்ளைங்க சத்தம் கேக்குதுல்ல, ஸ்கூல் விட்டுட்டாங்க.

இல்ல, படத்துல குழந்தை எதுவும் இல்லையே. இந்தப் பொண்ணு மட்டும்தான். ஓ, அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கா? என்ன வயசு? எந்த ஸ்கூல்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும், நான் ஒரு முகத்தைப் பாத்து ஒரு படம் எடுத்தவ. என்ன சொன்னீங்க? என் பொண்ணுன்னு சொன்னீங்களே இப்ப. சரி சரி, தங்கச்சி பொண்ணு நம்ம பொண்ணு மாதிரித்தான். தாய் மாமன்னா அந்த உரிமை இருக்கும், நான் ஒண்ணும் கேக்கலையே.

மேஜையைத் தட்டாதீங்க தம்பி, லென்ஸ் இருக்கு அதுல. கோவம் வரத்தான் செய்யும், வந்து எவ்வளவு நேரம் ஆச்சு, இவ என்னடான்னா செருப்புக் கதை சொல்றாளேன்னு இருக்கும். எனக்குப் புரியுது. நான் வேணும்னு இழுக்கல. கேமராவை இதுல ஏன் சொருகறேன்னா, சில சமயம் ஒரிஜினல் கார்டுலயே தங்கிடும், அதையும் பாத்துடலாம்னுதான். தட்டிட்டு இருக்கறது ஒண்ணும் இல்ல, பாஸ்வேர்டு. ஒரு தடவை தப்பாயிடுச்சு. இதோ. போயிடுச்சு. பாஸ்வேர்டு உள்ள போயிடுச்சுன்னேன்.

உக்காருங்க தம்பி. கெஞ்சிக் கேக்கறேன், உக்காருங்க. சத்தம் போட்டா குதிகால் அண்ணன் உள்ள வந்துடுவாரு, பாருங்க, ஒரு கால் எடுத்து வச்சுட்டாரு. ஒண்ணும் இல்லண்ணே, பேசிட்டுத்தான் இருக்கோம். நீங்க அங்கயே நில்லுங்க.

கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. எங்க வீட்டுக்காரர், டெலிவரிக்குப் போயிருக்காரு. ஹலோ. சொல்லுங்க. ரெண்டு ஆல்பமுமா? சின்னதும் சேத்துத்தானே? சின்னதை வாங்கிட்டுத்தானே கிளம்பினீங்க? ம். ம். வண்டி நகந்துடுச்சா? நீங்களே கண்ணால பாத்தீங்களா? சரி. இல்ல, நான் நல்லா இருக்கேன். இல்லங்க, அழல. வாங்க நீங்க.

அப்பாடா.

கொஞ்சம் அந்த ஆடற சேரை இப்படித் தள்ளுங்க தம்பி. நானும் உக்காந்துக்கறேன்.

இல்ல, ஒரிஜினல் கிடைக்கல. தேடவே இல்ல. அந்தச் சக்கரம் எப்பவுமே சுத்தும், அந்தக் கம்ப்யூட்டருக்கு வேற வேலை கிடையாது. நீங்க கேட்டதுக்கு வாயாலயே சொல்லிடறேன், இடம் எதுன்னு கேட்டீங்கல்ல. லைட்டை அணைச்சுட்டேன், இப்பத் திரும்பலாம். மெதுவா, காலுக்குக் கீழ ஒயர் இருக்கு. அந்தக் கடைசிச் சுவரைப் பாருங்க. அந்தப் பச்சை பீரோ. அதுக்கு மேல கடிகாரம். வெள்ளையா, வட்டமா. நீங்க உக்காந்திருக்கற அதே சேர், அதே இடம். அங்கதான் அவ உக்காந்திருந்தா. போன வாரம் புதுசா ஒரு லென்ஸ் வந்துச்சு, சோதிச்சுப் பாக்கணும், கையோட இருந்தவ அவதான். ரெண்டு வருஷமா எனக்கு லைட் புடிக்கறவ, ஒரு தடவை கூட கேமராவுக்கு முன்னாடி வரமாட்டா. அன்னைக்கு நான்தான் பலவந்தமா உக்கார வச்சேன். சும்மா சோதனைதானே, யாரு பாக்கப் போறான்னு சொல்லி.

படம் அப்படி வந்துடுச்சு. நீங்களே பாத்தீங்கல்ல. என் புத்தி எங்க போச்சோ, லென்ஸ் எப்படி இருக்கு பாருங்கன்னு ஸ்டுடியோ பேரைப் போட்டு நெட்ல ஏத்தி ஊருக்கே காட்டிட்டேன். அவகிட்ட கேக்கல. மறுநாள் வந்து பாத்தவ அப்படியே பீரோவைப் புடிச்சுட்டு நின்னுட்டா. அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னா, உங்களைப் பத்தி. நான் அவளுக்குச் சமாதானம் சொல்றேன், பயப்படாதடி, பின்னாடி ஒண்ணுமே தெரியல, எங்க எடுத்ததுன்னு கூட யாராலயும் சொல்ல முடியாது, அவ்வளவு கரைச்சிருக்கேன்னு. பெருமையா வேற சொல்றேன். அவ என்னைப் பாத்து, முகம் தெரியுதேக்கா அப்படின்னா. இவ்வளவு வருஷம் எடுக்கறேன், ஒரு பீரோவை மறைக்கத் தெரிஞ்சுது, ஒரு பொண்ணை மறைக்கத் தெரியல. உடனே அழிச்சுட்டேன் அந்தப் படத்தை. அதுக்குள்ள உங்க போனுக்கு வந்துடுச்சு.

அவளுக்கு அண்ணன் கிடையாது, புருஷன்தான் உண்டு. அம்மா அவ சின்ன வயசுலயே போயிட்டாங்க. நீங்க உள்ள வந்து தங்கச்சின்னு வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரியும். பெரிய லென்ஸ்னு ஒண்ணு என்கிட்ட கிடையவே கிடையாது. அந்த வார்த்தையைச் சொன்னா பின் கதவு வழியா கிளம்பிடணும்னு பேசி வச்சிருந்தோம். ஆனா ஸ்கூல் விடாம பிள்ளையைக் கூட்டிட்டு எப்படிப் போவா, அது வரைக்கும் நீங்க தெருவுல இறங்கக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சும். பேசறது மட்டும்தான் எனக்கு வரும்.

எங்க போறாங்கன்னு என்னை முறைச்சுப் பிரயோஜனம் இல்ல. எனக்குச் சொல்லாதடின்னு நானே சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர் ஏத்தி விட்டுட்டுத் திரும்பிட்டாரு, டிக்கெட்டை அவளேதான் எடுத்தா, எந்த ஊருக்குன்னு அவரும் பாக்கல. நீங்க என் கழுத்தைப் புடிச்சாலும் எனக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்லுவேன். ரெண்டு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவ. இனிமே பாப்பேனான்னு தெரியல. அந்தப் பிள்ளை என்னைப் பெரியம்மான்னு கூப்பிடும். போறப்போ கையாட்டிச்சாம், அவர் சொன்னாரு.

எந்திரிக்கறீங்களா, சரி. இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லணும். வெளிச்சம் பாக்கறேன்னு சொன்னேன்ல, அது பொய். எடுத்தேன். உங்களுக்கு நான் ஓட்டையைத் திறக்கல தம்பி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுருக்கினேன், அதுக்குத்தான் பின்னாடியும் லைட் வச்சேன். உங்க முகமும் தெளிவு, உங்களுக்குப் பின்னாடி பச்சை பீரோவும் தெளிவு, அது மேல ஒட்டியிருக்கற எங்க ஸ்டுடியோ பேரும், இன்னைக்குத் தேதி காட்டற காலண்டரும், கடிகாரத்துல மணியும் அட்சரம் பிசகாம விழுந்திருக்கு. அவ வேலை பாக்கற இடத்துப் பக்கமே நீங்க வரக் கூடாதுன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்திருக்காங்களாமே. அவ வக்கீலம்மாவுக்கு அப்பவே அனுப்பிட்டேன். போயிடுச்சுன்னு சொன்னேன்ல, அது அதுதான்.